குளோன் மரக்கன்று: பெயர்ப்பலகையை நம்பி நான்கு வருடத்தைக் கொடுக்கலாமா?

நெல்லும் கரும்பும் போட்ட நிலங்களில் இப்போது சவுக்கும் மலைவேம்பும் நிற்பதைப் பல மாவட்டங்களில் பார்க்கிறோம். ஆள் கிடைக்கவில்லை, கிணற்றில் தண்ணீர் போதவில்லை, பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள் என்று காரணங்கள் பல. அரசும் மரம் வளர்க்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2021-22ம் ஆண்டு முதல் வேளாண் காடுகள் வளர்ப்புத் திட்டத்தில் விவசாயிகளுக்கு இலவசமாக மரக்கன்றுகள் கொடுக்கிறார்கள். 2022ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவதை இலக்காக வைத்திருக்கிறது. காகித ஆலைகளும் நேரடியாகக் கிராமத்துக்கு வந்து விவசாயிகளோடு ஒப்பந்தம் போடுகின்றன.

இந்த வேகத்தோடு இன்னொன்றும் வளர்ந்திருக்கிறது. சாலையோர நர்சரிகளில் 'குளோன் சவுக்கு', 'ஒட்டுரகம்', 'திசு வளர்ப்புத் தேக்கு', 'ஆராய்ச்சி நிலையக் கன்று' என்று பலகை தொங்குகிறது. ஒரு பருவப் பயிரில் விதை ஏமாற்றினால் நான்கு மாதத்தில் தெரிந்துவிடும், அடுத்த போகத்தில் மாற்றிக்கொள்ளலாம். சவுக்கில் ஏமாந்தால் நான்கு வருடம் போய்விடும். மலைவேம்பில் ஆறேழு வருடம். தேக்கில் கிட்டத்தட்ட ஒரு தலைமுறை. அதனால் ஆராய்ச்சி நிலையத்தில் என்ன நடக்கிறது, அங்கே உருவாகும் நல்ல கன்று நம் வயலுக்கு வரும் வழியில் என்ன ஆகிறது என்பதை விவசாயி தெரிந்துவைத்துக்கொள்வது அவசியம்.

காட்டு ஆராய்ச்சி நம் வயல் பக்கம் திரும்பிய கதை

1988ல் வந்த தேசிய வனக் கொள்கை, மரத்தை நம்பிய தொழிற்சாலைகள் தங்களுக்குத் தேவையான மரத்தைக் காட்டிலிருந்து எதிர்பார்க்கக் கூடாது, விவசாயிகளோடு நேரடித் தொடர்பு வைத்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னது. அதுவரை சலுகை விலையில் காட்டு மரம் வாங்கிய ஆலைகள் அப்போதுதான் நம் பக்கம் திரும்பின. இன்று கரூர் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு காகித ஆலையும், ஈரோடு பக்கம் உள்ள சேஷசாயி காகித ஆலையும் விவசாயிகள் வளர்க்கும் சவுக்கையும் தைலமரத்தையும் நம்பித்தான் ஓடுகின்றன.

அதே 1988ல் கோயம்புத்தூரில் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் தொடங்கப்பட்டது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வன ஆராய்ச்சி மற்றும் கல்விக் கழகத்தின் கீழ் இது இயங்குகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் இதே துறையில் வேலை செய்கிறது. சவுக்கு, தைலமரம், மலைவேம்பு, தேக்கு போன்ற மரங்களில் இன்று கிடைக்கும் நல்ல ரகங்களில் பல இந்த இரண்டு இடங்களின் உழைப்பில் வந்தவை.

நல்ல மரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்களுக்கு இது எளிதாகப் புரியும். நூறு மாட்டைப் பார்த்து நான்கைத் தேர்வு செய்வதுபோல, பெரிய தோப்புகளில் நேராக, பருமனாக, நோயில்லாமல் நிற்கும் மரங்களை முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். வனத்துறையில் இதற்குப் பெயர் 'உயர்குண மரம்'. ஆனால் ஒரு மரம் பெரிதாக இருப்பதற்கு அதன் வம்சம் மட்டும் காரணமாக இருக்காது. பக்கத்தில் வாய்க்கால் ஓடியிருக்கலாம், ஆட்டுக்கிடை போட்ட இடமாக இருக்கலாம். அதனால் அந்த மரத்தின் வாரிசுகளைப் பல ஊர்களில், பல மண்ணில், மற்ற மரங்களின் வாரிசுகளோடு கலந்து நட்டுப் பல வருடம் அளக்கிறார்கள். எல்லா இடத்திலும் நன்றாக வருவது எது, ஒரு இடத்தில் மட்டும் வருவது எது என்று அப்போதுதான் தெரியும். ஒரு ரகம் வெளியாகப் பத்துப் பதினைந்து வருடம் ஆவதற்கு இதுவே காரணம்.

ஆகவே ஒருவர் 'எங்கள் நர்சரியில் நாங்களே கண்டுபிடித்த ரகம்' என்று சொன்னால், 'எந்தெந்த ஊரில் எத்தனை வருடம் சோதனை செய்தீர்கள்?' என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது ஏதோ ஒரு நல்ல மரத்திலிருந்து எடுத்த கன்று, அவ்வளவுதான். அதற்கு ரக விலை கொடுக்கத் தேவையில்லை.

சவுக்கு சொல்லும் பாடம்

சவுக்கு நம் மண்ணின் மரம் கிடையாது. தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுக் கடற்கரைகளில் வளர்ந்த மரம். 19ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே கொண்டுவந்து விறகுக்காக நட்டார்கள். வந்த விதை கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தின் வாரிசுகளிலிருந்தே திரும்பத் திரும்ப விதை எடுத்து நட்டோம்.

ஜுங்குனியானா என்று நம் விவசாயிகள் சொல்லும் இந்தோனேசியச் சவுக்கின் கதை இன்னும் வேடிக்கையானது. 1950களில் தாய்லாந்திலிருந்து வந்தது ஒரே ஒரு ஆண் குளோன். இந்தச் சவுக்கில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மட்டும் இருந்தால் விதையே கிடையாது. அதனால் பல பத்தாண்டுகள் அந்த ஒரே மரத்தின் போத்துகளைத்தான் நட்டுக்கொண்டிருந்தோம், அதை மேம்படுத்த வழியே இல்லாமல் இருந்தது.

1990களில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சி அமைப்பின் உதவியோடு பல நாடுகளின் சவுக்கு விதைகளைக் கொண்டுவந்து கோவை நிறுவனம் நட்டுப் பார்த்தது. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த மரங்களும், நாட்டுச் சவுக்கையும் ஜுங்குனியானாவையும் இணைத்து உருவாக்கிய ஒட்டுரகங்களும்தான் இன்று நாம் வாங்கும் குளோன்கள். 'சி.ஜே.' என்று தொடங்கும் எண் இருந்தால் ஜுங்குனியானா, 'சி.எச்.' என்றால் ஒட்டுரகம். வாழைத் தோட்டத்துக்குக் காற்றுத் தடுப்பாக நடுவதற்கென்றே தனிக் குளோன்களையும் வெளியிட்டிருக்கிறார்கள். கடலோர மணலுக்கு நாட்டுச் சவுக்கு வகை பொருந்தும். உள் மாவட்டங்களில் வறட்சியைத் தாங்க ஜுங்குனியானா வகையும் அதன் ஒட்டுகளும் பொருந்தும். நாட்டுச் சவுக்கை வாட்டிக் கொல்லும் பட்டைக் கொப்புள நோயையும் ஜுங்குனியானா நன்றாகத் தாங்குகிறது.

வெளியிலிருந்து புது விதை வந்திருக்காவிட்டால் இந்த முன்னேற்றம் எதுவும் இல்லை. விதைப் பன்மையை இழந்த இடத்தில் எந்த விஞ்ஞானியாலும் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

விதைக் கன்றா, குளோன் கன்றா?

விதையில் வரும் கன்றுக்குத் தாயும் தகப்பனும் உண்டு. ஒரே தாயின் பிள்ளைகளும் ஒன்றுபோல இருக்க மாட்டார்கள். தோப்பில் சில மரம் ஓங்கி நிற்கும், சில குச்சியாக நிற்கும். குளோன் என்பது ஒரே மரத்தின் தளிரை வெட்டி, வேர் ஊக்கி மருந்தில் தொட்டு, ஈரப்பதம் குறையாத நிழல் கூடாரத்தில் வேர்விடச் செய்த கன்று. ஆயிரம் கன்றும் அந்தத் தாய்மரத்தின் அச்சு அசலான நகல். அதனால் தோப்பு முழுவதும் ஒரே உயரம், ஒரே பருமன். ஆலைக்காரர்கள் விரும்புவதும் அதனால்தான்.

விதைக் கன்று என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். விதைத் தோட்டம் என்று தனியாக அமைத்து, நல்ல மரங்களை மட்டும் வைத்து, அவற்றுக்குள்ளேயே மகரந்தம் சேரும்படி செய்து எடுக்கும் விதை தரமானது. விலையும் குறைவு, தோப்பில் பன்மையும் இருக்கும். மோசமானது எதுவென்றால், கைக்கு எட்டுகிறது என்று குட்டை மரத்திலும், வேலியோரம் தனியாக நிற்கும் ஒற்றை மரத்திலும் எடுக்கும் விதை. தனியாக நிற்கும் மரம் தன் மகரந்தத்தாலேயே காய்த்தால் பிள்ளைகள் நோஞ்சானாக வரும்.

இன்னொரு தவறும் பரவலாக நடக்கிறது. குளோன் தோப்பில் காய்த்த விதையை எடுத்து நாற்று விட்டு, அதையும் 'குளோன் சவுக்கு' என்றே விற்கிறார்கள். தாய் குளோனாக இருந்தாலும் விதையில் வந்த பிள்ளை குளோன் ஆகாது. ஒட்டுரகத்தின் விதையில் வரும் கன்றுகள் இன்னும் கூடுதலாகப் பிரிந்து போகும். வீரிய ஒட்டு மக்காச்சோளத்தை அறுத்து அடுத்த போகத்துக்கு விதைத்தவர்களுக்கு இது புதிய சேதி இல்லை.

கணக்கு எங்கே இடிக்கிறது?

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும், கணக்கின் போக்கு மட்டும் புரிந்தால் போதும். ஐந்தடிக்கு ஐந்தடி, அதாவது ஒன்றரை மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 1,800 கன்று வேண்டும். விதைக் கன்று 2 ரூபாய், குளோன் கன்று 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், செலவு 3,600க்கும் 10,800க்கும். வித்தியாசம் 7,200 ரூபாய்.

போலிக் கன்று வாங்கினால் இந்த 7,200 மட்டும்தான் நட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல குளோன் ஏக்கருக்கு 40 டன் கொடுக்கும் இடத்தில் கலப்படக் கன்று 30 டன் கொடுத்தால், டன்னுக்கு 5,000 ரூபாய் என்றாலும் 50,000 ரூபாய் போய்விட்டது. உழவு, தண்ணீர், கவாத்து, காவல் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். குத்தகை நிலமாக இருந்தால் குத்தகையும் ஒன்றுதான். கன்றின் விலை மொத்தச் செலவில் சிறு பகுதி. ஆனால் மொத்த வரவையும் தீர்மானிப்பது அந்தச் சிறு பகுதிதான். கன்றில் ஒரு ரூபாய் குறைகிறதே என்று பார்ப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தைலமரத்தைத் தாக்கிய குளவி

குளோனில் நன்மை மட்டும் இருப்பதாகச் சொல்வது நியாயமாகாது. ஆந்திரத்துப் பத்ராசலம் காகித ஆலை 1990களில் தைலமரக் குளோன்களைப் பெரிய அளவில் விவசாயிகளுக்குக் கொடுத்தது. விளைச்சல் நன்றாகக் கூடியது. தென் மாநிலங்கள் எங்கும் அந்தக் குளோன்கள் பரவின.

2000களின் தொடக்கத்தில் ஒரு சின்னஞ்சிறு குளவி வந்தது. நீளம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தைலமரத்தின் இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் முட்டை வைத்து, முடிச்சு முடிச்சாக வீங்க வைத்து, கொழுந்தைச் சுருட்டிவிடும். ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட இந்தப் பூச்சி உலகின் பல நாடுகளில் பரவி, கர்நாடகம், தமிழ்நாடு, ஆந்திரம் என்று இங்கும் பரவியது. நாற்றங்கால்களும் இளம் தோப்புகளும் கடுமையாக அடிபட்டன.

அப்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. சில குளோன்கள் முழுதாகப் பாதிக்கப்பட்டன, சில குளோன்களை அந்தக் குளவி சீண்டவே இல்லை. பாதிப்புக்குள்ளாகும் குளோனை மட்டும் பத்து ஏக்கர் நட்டவருக்கு மொத்தமும் போயிற்று. மூன்று நான்கு குளோன் கலந்து நட்டவருக்கு ஒரு பங்கு போய் மற்றது தப்பித்தது. பிறகு இந்தக் குளவியைத் தின்னும் எதிரிக் குளவிகளின் உதவியாலும், தாங்கும் குளோன்களுக்கு மாறியதாலும் பாதிப்பு குறைந்தது.

சவுக்குக்கும் மலைவேம்புக்கும் இப்படி ஒன்று வராது என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் மரங்களில் ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லும்.

பழைய மரங்களைக் காப்பதில் நமக்கு என்ன லாபம்?

'பாதுகாப்பு' என்றாலே அது வனத்துறை வேலை என்று நினைக்கிறோம். சந்தனத்தைப் பாருங்கள். நல்ல வைரம் பாய்ந்த மரத்தைத்தான் திருடர்கள் முதலில் வெட்டினார்கள். எஞ்சியது சன்னமான மரங்கள். அந்த மரங்கள் கொடுத்த விதையில் அடுத்த தலைமுறை வந்தது. நல்ல காளையை விற்றுவிட்டு நோஞ்சான் காளையை வைத்து இனவிருத்தி செய்ததுபோல ஆகிவிட்டது. இன்று உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் சந்தனம் பாதிப்புக்குள்ளாகும் இனமாகவும், செம்மரம் அழியும் நிலையில் உள்ள இனமாகவும் இடம்பெற்றிருக்கின்றன. இந்த மரங்களை நட ஆசைப்படும் விவசாயிக்கு நல்ல விதை கிடைப்பது, காட்டில் எஞ்சி நிற்கும் நல்ல மரங்களைப் பொறுத்திருக்கிறது.

எல்லா விதையையும் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காப்பாற்றிவிடவும் முடியாது. சவுக்கு விதையைப் பக்குவமாக வைத்தால் தாங்கும். வேப்பம் விதையும் இலுப்பை விதையும் சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும். இவற்றைக் காப்பதற்கு ஒரே வழி, ஏரிக்கரையிலும் கோயில் காட்டிலும் வரப்பிலும் உயிருள்ள மரமாக நிற்க வைப்பதுதான். சாலை அகலப்படுத்தும்போது வெட்டப்படும் நூறு வயது இலுப்பை மரத்தோடு, அதன் வறட்சி தாங்கும் குணமும் போய்விடுகிறது.

ஆராய்ச்சியும் இந்தப் பக்கம் நகர்கிறது. 2018ல் கோவை நிறுவனத்தின் விஞ்ஞானிகள் தேக்கின் முழு மரபணுத் தொகுதியின் வரைவை வெளியிட்டார்கள். எந்தப் பகுதித் தேக்கு எதிலிருந்து வேறுபட்டது, எதைக் காக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க இது உதவும். மரபணுச் சோதனையால் ஒரு கன்று இன்ன குளோன்தானா என்றும் சொல்லிவிட முடியும். ஒரு மனிதனின் கைரேகைபோல ஒவ்வொரு குளோனுக்கும் மரபணு அடையாளம் உண்டு.

ஓட்டை எங்கே இருக்கிறது?

ஆராய்ச்சி நிலையம் ஒரு குளோனை வெளியிட்டபின், உரிமக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலைகளுக்கும் நர்சரிகளுக்கும் தாய்க்கன்று கொடுக்கிறது. உரிமம் பெற்ற நர்சரி தாய்ச்செடித் தோட்டம் அமைத்து, அதிலிருந்து தளிர் வெட்டிக் கன்று உற்பத்தி செய்ய வேண்டும். இதுவரை எல்லாம் ஒழுங்கு.

அதற்குப் பிறகுதான் சிக்கல். உரிமம் இல்லாத நர்சரி பக்கத்துத் தோப்பிலிருந்து தளிர் வெட்டி அதே பெயரில் விற்கலாம். நாற்றங்காலில் இரண்டு குளோன் கலந்துவிடலாம். ஐப்பசி மழைக்குக் கன்று கேட்டு விவசாயிகள் வரிசையில் நிற்கும்போது, கன்று போதாமல் வெளியிலிருந்து வாங்கிக் கலக்கலாம். நெல் விதை மூட்டையில் சான்று அட்டை இருக்கிறது, அரசு விதை ஆய்வாளர் மாதிரி எடுக்கிறார். வனமரக் கன்றுக்கு அந்த அளவு கண்காணிப்பு இன்னும் வரவில்லை. நர்சரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் முயற்சி நடந்தாலும், கிராமத்துக் கடைசி நர்சரி வரை அது எட்டவில்லை.

பெயர்க் குழப்பமும் உண்டு. மலைவேம்பு என்ற பெயரிலேயே இரண்டு மரங்களை மக்கள் சொல்கிறார்கள். பிளைவுட் ஆலைகள் கேட்பது நேராக ஓங்கி வளரும் மெலியா டுபியா. மெலியா அசெடராக் குட்டையாக, தாழக் கிளை பிரிந்து வளரும். கன்றுப் பருவத்தில் பலருக்கு வித்தியாசம் தெரியாது. டுபியா விதை முளைப்பதும் கடினம், அதனால் கன்று தட்டுப்பாடு எப்போதும் இருக்கும். தட்டுப்பாடு இருக்கும் இடத்தில் கலப்படமும் இருக்கும்.

1990களில் தேக்குக் கம்பெனிகள் பத்திரிகை விளம்பரம் போட்டு, இத்தனை வருடத்தில் இத்தனை லட்சம் என்று சொல்லிப் பணம் வாங்கியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் திட்டங்களைக் கட்டுப்படுத்த 1999ல் செபி தனி விதிமுறையே கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு மரம் இத்தனை வருடத்தில் இவ்வளவு ரூபாய் தரும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால், மண்ணையும் தண்ணீரையும் பார்க்காமல் சொல்கிறார் என்று அர்த்தம்.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது

2001ம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் நெல், பருத்திக்கு மட்டுமானது என்று நினைக்க வேண்டாம். சவுக்கு, தைலமரம் போன்ற மரங்களின் ரகங்களையும் இதில் பதிவு செய்யலாம். பதிவான மர ரகத்துக்கு 18 வருடம் பாதுகாப்பு. அதே சட்டம் விவசாயிக்கும் உரிமை கொடுக்கிறது. பதிவான ரகத்தின் விதையையும் நடவுப்பொருளையும் விவசாயி தன் நிலத்தில் திரும்ப நடலாம், மற்றவரோடு பகிரலாம், பிராண்ட் பெயர் போடாமல் விற்கவும் செய்யலாம். பிராண்ட் பெயரில் விற்பதுதான் தடை.

இதே சட்டத்தின் 39வது பிரிவில் இன்னொரு முக்கியமான விஷயம் இருக்கிறது. பதிவான ரகத்தை விவசாயிக்கு விற்கும்போது, இன்ன நிலைமையில் இவ்வளவு விளையும் என்பதை அந்த ரகத்தை உருவாக்கியவர் தெரிவிக்க வேண்டும். சொன்னபடி வரவில்லையென்றால் அதற்கான ஆணையத்திடம் விவசாயி இழப்பீடு கேட்கலாம்.

நுகர்வோர் நீதிமன்றமும் இருக்கிறது. விதை வாங்கும் விவசாயி நுகர்வோர்தான் என்று 2012ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருள் பற்றிய புகாருக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. ஆனால் வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். மரப்பயிரில் இதுதான் பெரிய இடைஞ்சல். அறுவடையின்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் காலம் கடந்துவிடும். நட்ட ஆறு மாதம், ஒரு வருடத்திலேயே வயலைக் கூர்ந்து பார்த்து, சந்தேகம் வந்தால் அப்போதே எழுத்தில் கேட்க வேண்டும்.

2025 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், விவசாய நிலத்து மரங்களை வெட்டுவதற்கான மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியது. எந்த மரம், எங்கே, எப்போது நட்டது என்று இணையத்தில் பதிவு செய்துவைத்தால் வெட்டும்போது அனுமதி எளிதாகும் என்பது அதன் சாரம். மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் நடைமுறைக்கு வரும். எப்படியிருந்தாலும் நட்ட தேதியும் கன்று வாங்கிய ரசீதும் இனி கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்.

கன்று வாங்குமுன் செய்ய வேண்டியவை

1. ஐப்பசி நடவுக்கு ஆடியிலேயே கன்றுக்குச் சொல்லிவையுங்கள். கடைசி நேரத்தில் போனால் கிடைத்ததைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

2. நர்சரியின் தாய்ச்செடித் தோட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். குளோன் எண் எழுதிய பலகையோடு தனித்தனிப் பாத்தி இருக்க வேண்டும். தாய்ச்செடியே இல்லாத நர்சரி கன்றை வேறெங்கோ வாங்கி விற்கிறது.

3. உரிமம் பெற்ற நர்சரியா என்று கோவை நிறுவனத்திலோ மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியிலோ கேட்டு உறுதி செய்யுங்கள். ஆலை ஒப்பந்தம் என்றால் அதன் வயல் அலுவலரிடம் குளோன் எண்ணை எழுதி வாங்குங்கள்.

4. ரசீதில் மரத்தின் பெயர், குளோன் எண், எண்ணிக்கை, தேதி, நர்சரியின் முத்திரை இருக்க வேண்டும். 'சவுக்குக் கன்று' என்று மட்டும் எழுதிய சீட்டு எதற்கும் உதவாது.

5. நான்கைந்து கன்றைக் குப்பியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். வேர் அடியில் வளையமாகச் சுருண்டிருந்தால் வேண்டாம். நட்டபின் வளர்ந்தாலும் புயலில் சாய்ந்துவிடும். தானே, கஜா புயல்களைப் பார்த்த கடலூர், டெல்டா விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

6. கன்று நிழலிலிருந்து நேராக வந்ததா, சில வாரம் வெயிலில் வைத்துக் கடினப்படுத்தியதா என்று கேளுங்கள். தளதளவென்று வெளிர் பச்சையில் இருப்பது அழகாக இருக்கும், வயலில் தாங்காது.

7. இரண்டு ஏக்கருக்கு மேல் நட்டால் ஒரே குளோனில் போக வேண்டாம். மூன்று நான்கு குளோன்களைத் தனித்தனிப் பட்டையாக நடுங்கள். வரிசைக்குள் கலந்தால் வேகமாக வளர்வது மற்றதை அமுக்கிவிடும்.

8. எந்தக் குளோன் எங்கே என்று ஒரு தாளில் வரைந்து, ரசீதோடு வையுங்கள். நட்ட அன்றும், ஆறாம் மாதமும், ஒரு வருடத்திலும் செல்போனில் படம் எடுங்கள்.

9. ஆறு மாதத்தில் ஒரு குளோனின் கன்றுகளில் நிறமும் கிளை அமைப்பும் ஆளுக்கு ஒரு விதமாக இருந்தால் கலப்படம் என்று சந்தேகப்படலாம். உடனே விற்றவருக்கும், தோட்டக்கலை அல்லது வனத்துறை அலுவலருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

10. வரப்பிலும் மூலையிலும் வேம்பு, இலுப்பை, புங்கன் போன்ற நாட்டு மரங்களுக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள். விதை எடுத்தால் ஒரே மரத்தில் எடுக்காமல், தள்ளித் தள்ளி நிற்கும் பல மரங்களில் எடுத்துக் கலந்து, வேப்பம் விதை என்றால் உடனே விதையுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியவை

இலவசக் கன்று கொடுக்கும் திட்டம் நல்லது. ஆனால் எத்தனை கன்று கொடுத்தோம் என்ற கணக்கோடு, எந்த விதையில் வந்த கன்று என்ற கணக்கையும் விவசாயிக்குச் சொல்ல வேண்டும். நாற்றங்கால் பலகையில் மரத்தின் பெயரோடு விதை எடுத்த இடமும் எழுதப்பட வேண்டும். விதைத் தோட்ட விதையா, சாலையோர மரத்து விதையா என்பது பத்து வருடம் கழித்து வெட்டுபவருக்குப் பெரிய வித்தியாசம்.

இரண்டாவது, மரபணுச் சோதனை வசதி ஆராய்ச்சி நிலையத்துக்குள்ளேயே நின்றுவிடக் கூடாது. மண் பரிசோதனைபோல, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து குறைந்த கட்டணத்தில் கன்றைச் சோதித்துக்கொள்ள வழி வேண்டும். நர்சரிக்காரர்களில் நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் பலர். அவர்களுக்கும் இது பாதுகாப்பு. போலிக் கன்று விலையோடு அவர்களால் போட்டி போட முடிவதில்லை.

மூன்றாவது, புகார் செய்யும் கால வரம்பு. நான்கு வருடத்தில் விளையும் பயிருக்கு இரண்டு வருட வரம்பு போதுமா என்பதை விவசாய சங்கங்கள் கிராம சபையிலும் குறைதீர்ப்புக் கூட்டத்திலும் எழுப்ப வேண்டும்.

உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் இதில் உடனே ஒன்று செய்யலாம். ஐம்பது பேர் தனித்தனியாக நர்சரிக்குப் போவதற்குப் பதிலாக, குழுவாக ஒரே ஆர்டர் கொடுத்து, குளோன் எண்ணையும் கலப்படம் வந்தால் மாற்றுக் கன்று தரும் நிபந்தனையையும் எழுதி வாங்கலாம். கோவை நிறுவனம் நடத்தும் மரம் வளர்ப்போர் விழாவுக்கு ஊரிலிருந்து இரண்டு பேர் போய்வந்தால், எந்தக் குளோன் எந்த மண்ணுக்கு என்ற விவரத்தை ஊருக்கே கொண்டுவரலாம். இந்த வருடம் ஐப்பசி மழைக்கு நடப்போகிறவர்கள் ஆடிக்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.